குரங்காடுதுறையிலிருந்து கோடியக்கரை வரை: நான்கு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: திருவையாறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வரும் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். இப்போது பங்குனி மாதம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடினால் வழக்கப்படி ஜூன் 12-இல்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதால், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து ஐந்து பாலங்களிலும் எட்டிப் பார்த்தபோது மணலும் நாணலும் ஓரிரு இடங்களில் தேங்கிய பச்சைத் தண்ணீரும்தான் தெரிந்தன. நான் பார்க்க வந்திருப்பது ஆற்றை அன்று. ஆற்றங்கரை மரங்களில் வாழும் நாட்டுக் குரங்குகளையும், அவற்றோடு ஒரே மண்ணில் பிழைக்க வேண்டியிருக்கும் மனிதர்களையும். இருந்தாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தை பிறந்து வாய்க்கால்கள் வற்றியதிலிருந்து ஆனியில் தண்ணீர் வரும் வரையிலான நான்கைந்து மாதங்களில்தான் குரங்குகள் வீட்டு முற்றத்துக்கு மிகுதியாக வருகின்றன என்று, இன்று பேசிய எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இந்த ஊருக்கும் குரங்குக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. திருவையாற்றுத் தேவாரத்தில் சம்பந்தர் ஒரு காட்சியைக் காட்டுகிறார்: பெண்கள் நடனமாட முழவு அதிர்கிறது, அதை இடியென்று எண்ணி அஞ்சிய மந்திகள் மரமேறி முகில் பார்க்கின்றன. பெண் குரங்கை மந்தி என்றும் ஆணைக் கடுவன் என்றும் பிரித்துச் சொல்லும் மொழி நம்முடையது. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோயிலும் கூத்தும் மக்கள் நெருக்கமும் இருந்த ஓர் ஊரில் குரங்குகள் மரத்துக்கு மரம் வாழ்ந்திருக்கின்றன என்பதற்கு அந்தப் பாடலே சான்று. காட்டைவிட்டு நேற்று ஊருக்குள் நுழைந்த விலங்கு என்று இதைச் சொல்வது இந்த மண்ணுக்குப் பொருந்தாது.

மாலையில் படித்துறை அரசமரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். எண்ணியவரையில் பத்தொன்பது, அவற்றில் நான்கு தாய்களின் வயிற்றில் புதுக் குட்டிகள் தொங்கின. மாசி பங்குனியே இவை பெரும்பாலும் ஈனும் காலம். உச்சந்தலையில் மயிர் சுழித்துக் குல்லாய் போலப் படிந்திருக்கும்; வால் உடலைக் காட்டிலும் நீளம். தென்கிழக்குத் தமிழகத்தில் வாழ்வது வெளிறிய வயிறுடைய உள்ளினம். துறையை ஒட்டிய குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்காக அவை வரிசையில் காத்திருந்ததைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. பெரிய கடுவன் குடித்து விலகியதும் ஒரு தாய் வந்து, உள்ளங்கையைக் குழாய்க்கடியில் வைத்து நக்கியது.

உலகில் வேறெங்கும் இல்லாமல் தென்னிந்தியாவில் மட்டும் வாழும் இனம் இது. நெடுங்காலம் ‘கவலைக்கு இடமில்லாதது’ என்றே வகைப்படுத்தப்பட்டிருந்த இதனை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ‘அழிய வாய்ப்புள்ளது’ என்ற நிலைக்கு மாற்றியது. தெருவெல்லாம் குரங்கு இருக்கும்போது இதென்ன கணக்கு என்று என்னோடு தேநீர் குடித்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது; நாளை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: வடகுரங்காடுதுறையும் ஒரு உளுந்து வயலும்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் செல்லும் காவிரி வடகரைச் சாலையில் குரங்கின் பெயரைச் சுமந்த ஊர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வடகுரங்காடுதுறை; மற்றொன்று கபிஸ்தலம். கபி என்றால் குரங்கு. வடகுரங்காடுதுறை இறைவனுக்குக் குலைவணங்கீசர் என்றும் பெயர். தாகத்தால் தவித்த கர்ப்பிணி ஒருத்திக்காக அங்கிருந்த தென்னையைக் குலையோடு வளைத்துக் கொடுத்தார் என்பது தலபுராணம். தாகமும் தென்னையும் குரங்கும் ஒரே கோயிலின் கதைகளில் அமைந்திருப்பதை நினைத்துக்கொண்டே, அங்கிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு சிற்றூருக்கு நடந்தேன். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்குள்ளவர்களுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை இருக்கிறது.

நான் சென்றபோது காலை ஆறரை மணி. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, வரப்பில் கிடந்த தென்னை மட்டையின் மீது அமர்ந்து ஒரு தகர டப்பாவை மடியில் வைத்திருந்தார். நான்கு மா நிலம், ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நெல்லுக்குள்ளேயே தெளித்த உளுந்து காய் முற்றும் பருவத்தில் நின்றது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் காத்தால் வீட்டுக்கு வரும். விடிவதற்கு முன்பே வந்து அமர்ந்துவிடுவதாகவும், பத்து மணிக்கு மருமகள் வந்து மாற்றிவிடுவதாகவும், பொழுது சாயும்போது பள்ளியிலிருந்து திரும்பும் பேத்தி புத்தகத்தோடு வந்து அமர்வதாகவும் சொன்னார். பேத்திக்கு இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு.

“தின்னுட்டுப் போனாக்கூடப் பரவாயில்ல தம்பி. செடியோட புடுங்கி, ரெண்டு காயக் கடிச்சிட்டு எறிஞ்சிட்டுப் போவுது. அதுக்கும் வயிறு இருக்கு, ஒத்துக்கறேன். எங்க வயித்த யாரு கேக்கறா?”

இந்தக் கேள்வியைக் குரங்குகளைப் பற்றிப் பேசும் எவரும் கடந்து போகக் கூடாது என்று நான் நினைக்கிறேன். காவலுக்கு ஆள் வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியை நான்கு மா உளுந்து தாங்காது. ஆகவே அந்தக் கூலி வீட்டுப் பெண்களின் தூக்கமாகவும் ஒரு மாணவியின் படிப்பு நேரமாகவும் கொடுக்கப்படுகிறது. பயிர்ச் சேதம் என்று கணக்கெடுக்கும்போது தின்ற காயை மட்டும் எண்ணுகிறோம். காத்த நாள்களை எவரும் எண்ணுவதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊரார் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து, வெளியூரிலிருந்து ஆள் அழைத்துவந்து, வாழைப்பழம் வைத்த கூண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட குரங்குகளைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சித்திரையும் வைகாசியும் அமைதியாகக் கழிந்தன. ஐப்பசி மழைக்கு முன்பே வேறொரு கூட்டம் அதே மரங்களில் குடியேறிவிட்டது. பிடித்தவற்றை எங்கே விட்டார்கள் என்று கேட்டேன். “காட்டுல விட்டதா சொன்னாங்க” என்றார் ஒருவர். இன்னொருவர் தயங்கிவிட்டு, அது காடு இல்லை, இன்னோர் ஊரின் ஏரிக்கரை என்றார். அந்த ஊரிலும் உளுந்து விளையும். அங்கேயும் ஒரு பேத்தி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

குரங்குக் கூட்டத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் குட்டையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தாயிடமிருந்து மகள் கற்பது. ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டு வைத்தால் எல்லாம் ஒருசேர அகப்படுவதில்லை. தாய் ஓரிடமும் குட்டி ஓரிடமும் ஆன கூட்டம் புதிய இடத்தில் எந்த மரத்தையும் அறியாது; அதனால் எளிதாகக் கிடைக்கும் வீட்டு உணவையே முதலில் நாடும். காலியான பழைய இடத்தின் மரமும் குப்பையும் அப்படியே இருப்பதால் பக்கத்துக் கூட்டம் வந்துவிடும்.

நேற்றைய ஆசிரியரின் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. மைசூரு வட்டாரத்தில் சாலையோரங்களில் வாழ்ந்த நாட்டுக் குரங்குகளை ஆய்வாளர்கள் 1989 முதல் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் அவை 65 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன. சாலையை அகலப்படுத்துவதற்காக ஓர ஆலமரங்களை வெட்டியதும், தொல்லை என்று பிடித்து வேறிடத்தில் விட்டதும் இதற்குப் பெரிய காரணங்கள். எஞ்சியவை கோயில்களிலும் சுற்றுலா இடங்களிலும் கூடுவதால், நம் கண்ணுக்கு அவை பெருகிவிட்டதாகத் தெரிகிறது. வடக்கிலிருந்து இன்னொரு நெருக்கடியும் வருகிறது. கோதாவரிக்கு அப்பால் வாழ்ந்த செம்முகக் குரங்கு தெற்கே பரவி, நாட்டுக் குரங்கு இருந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிற்பகலில் அந்த அம்மாவின் கொழுந்தனார் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு காலத்தில் இலுப்பைத் தோப்பு இருந்த இடத்தைக் காட்டினார். கோயில் விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்காகவே காவிரிக்கரை ஊர்களில் இலுப்பையை வளர்த்தார்கள். பங்குனியில் இரவெல்லாம் பூ உதிரும். விடியற்காலையில் தரையெங்கும் வெண்ணெய் நிறத்தில் கிடக்கும் அந்தப் பூக்களைச் சிறுவர்களும் வௌவால்களும் குரங்குகளும் பங்கிட்டுக்கொண்ட நாள்களை அவர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. உளுந்து முற்றும் அதே வாரங்களில் இலுப்பை பூக்கிறது. தோப்பு இருந்தவரை குரங்கு வயலுக்கு வராமல் இருந்ததா என்று கேட்டேன். வந்தது, ஆனால் இப்படி வரவில்லை என்றார். மின்விளக்கு எண்ணெய்விளக்கை மறக்கடித்த காலத்தில் தோப்பும் போயிற்று. எண்ணிப் பார்த்தோம்: பதினொரு மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழ் இன்று மாலையும் பூ கிடந்தது. பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். தொண்டையில் நிற்கும் ஒரு தித்திப்பு.

மூன்றாம் நாள்: ஆடுதுறை வழியாக வேதாரண்யம்

காலையில் கும்பகோணத்தைத் தாண்டி ஆடுதுறையில் இறங்கினேன். இதன் பழம்பெயர் தென்குரங்காடுதுறை. சுக்கிரீவன் வழிபட்ட தலம் என்பார்கள். குரங்கு பெயரிலிருந்து உதிர்ந்துவிட்ட இந்த ஊரை உழவர்கள் வேறொன்றுக்காக அறிவார்கள். 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. ‘ஆடுதுறை’ என்ற சொல் எண்ணோடு சேர்ந்து நெல் இரகங்களின் பெயராகப் பரவியிருக்கிறது. நெல் தண்டிலிருந்து பால் பிடிக்கும் கதிர் வரை ஒவ்வொரு பூச்சிக்கும் நோய்க்கும் ஆராய்ச்சி உண்டு. வரப்பில் அமர்ந்து தகரம் தட்டும் பெண்ணுக்கும் அதே அக்கறையோடு வழி தேடப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பேருந்தில் திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக நெடுநேரம். பக்கத்து இருக்கையில் வந்த வாழை வியாபாரி, எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்துவிட்டால் தீர்ந்தது என்றார். இமாசலப் பிரதேசத்தில் 2006-07 முதல் இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே இருப்பது செம்முகக் குரங்கு, பரவிக்கொண்டிருக்கும் இனம். குறைந்துவரும் ஓர் இனத்துக்கு, எத்தனை இருக்கின்றன என்றே ஊர்வாரியாகக் கணக்கெடுக்காமல் கத்தி எடுப்பது, வைப்புத் தொகை எவ்வளவு என்று பாராமல் கணக்கை முடிப்பதற்கு ஒப்பானது. அவரிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் முதலில் எண்ணட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மக்களையும் உயிரினத்தையும் சேர்த்தே நினைக்க முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டிய 11,806 எக்டேர் பரப்பு 2022-இல் தேவாங்குக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; நாட்டில் அதற்கென்று அமைந்த முதல் இடம் அது. வேலி மரங்களில் இரவெல்லாம் பூச்சி தின்னும் அந்தச் சிறு விலங்கு உழவருக்கு நண்பன் என்பதை ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொல்லாமல் வெறும் அறிவிப்பால் மட்டும் அதைக் காக்க முடியாது. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தேவாங்கையும் சிங்கவால் குரங்கையும் காப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவை அடுப்படிக்குள் வருவதில்லை. நாட்டுக் குரங்கைக் காப்பதுதான் கடினம்.

வேதாரண்யத்தை அடைந்தபோது உப்பளத்தின் மீது வெயில் சாய்ந்திருந்தது.

நான்காம் நாள்: கோடியக்கரை

டெல்டா இங்கே கடலில் முடிகிறது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே நீளும் சாலை கோடியக்காட்டைத் தாண்டியதும் இருபுறமும் காடாகிறது. வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகையைச் சேர்ந்தது. பாலை, உகாய் மரங்களும் கிளாப் புதர்களும் நெருங்கி நிற்கும். வெளிமான், மட்டக்குதிரை, நரி ஆகியவற்றோடு நாட்டுக் குரங்கும் இங்கே வாழ்கிறது. நான்கு நாள்களில் இன்றுதான் இந்த இனத்தை அதற்குரிய இடத்தில், எவரிடமும் எதையும் எதிர்பாராமல் பார்த்தேன். இராமர் பாதம் இருக்கும் மணல்மேட்டுக்குப் போகும் பாதையில் எட்டுக் குரங்குகள் உகாய் மரமொன்றில் பழம் பறித்துக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டிருந்தன. அவை பிறகு வேறொரு மரத்தில் அமர்ந்து, சதையைத் தின்று கொட்டையைத் துப்பும். இப்படித்தான் விதை தாய்மரத்தின் நிழலைவிட்டு விலகுகிறது. காடு தன் மரங்களை இடம் மாற்ற வைத்திருக்கும் கை இது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது, இந்தக் காட்டின் மரங்களும் சுற்றியிருந்த ஊர்களின் தென்னையும் மாவும் ஒரே இரவில் விழுந்தன. பழம் தரும் மரங்கள் விழுந்த காட்டில் குரங்கு என்ன தின்னும்? மரம் விழுந்த ஊரில் உழவர் எதை விற்பார்? இருவரும் ஒரே நாளில் ஏழையானார்கள். பின்னர் ஒருவர் நட்ட தென்னங்கன்றின் குருத்தை மற்றவர் பிடுங்கினார். கோடியக்காட்டில் பேசிய ஒரு பெரியவர் புயலுக்குப் பின் மூன்று முறை கன்று வைத்ததாகச் சொன்னார். “எங்கேருந்து வர்றிய? இதையெல்லாம் எழுதுவியளா?” என்று கேட்டுவிட்டு, தாமே வேலியாக நட்டிருந்த கிளாச் செடிகளைக் காட்டினார். அதன் முள்ளை மீறிக் குரங்கு வருவது குறைவு என்றும், காய் ஊறுகாய்க்கு விலை போகிறது என்றும் சொன்னார். பெரிய திட்டம் எதுவும் இல்லாமல் அவர் தாமாகவே கண்டுகொண்ட வழி அது.

காட்டுக்குள் அமைதியாக இருந்த அதே இனம் சாலையில் வேறு முகம் காட்டியது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வரும் கூட்டமும், விடுமுறைக்கு வரும் வண்டிகளும் எறியும் ரொட்டிக்கும் வாழைப்பழத்துக்கும் பழகிய ஒரு கூட்டம் தார்ச்சாலையின் நடுவில் அமர்ந்திருந்தது. ஒரு தாய்க்கு இடக்கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. வண்டியில் அடிபட்டதாகத் தேநீர்க் கடை அக்கா சொன்னார். என் கண்முன்னே ஒரு கார் நின்றது. ஒரு குழந்தையின் கையில் பழத்தைக் கொடுத்து நீட்டச் சொன்னார்கள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அவர்கள் கோபப்பட்டார்கள், புண்ணியத்தைக் கெடுப்பதாகச் சொன்னார்கள். குரங்கு கடித்தால் உடனே பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்லியாக வேண்டியிருந்தது, சொன்னேன். கார் போன பிறகு அந்தக் கூட்டத்தின் கடுவன் ஒன்று பழத்தைத் தேடி நேரே தேநீர்க் கடைக்கு வந்து பிஸ்கட் பாட்டிலை உருட்டியது. வெளியூரார் தேடிக்கொள்ளும் புண்ணியத்தின் செலவை உள்ளூரார் ஏற்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. சாலையில் உணவு எறிபவரிடம் தண்டம் வசூலித்து, அந்தத் தொகையை அந்த ஊரின் பயிர்க் காவலுக்கே கொடுக்கலாம். காவலை அவரவர் வீட்டுப் பெண்களின் தலையில் விடாமல், ஊருக்குப் பொதுவாக நான்கு பேரைக் கூலிக்கு வைக்கலாம். அந்த நால்வர் உள்ளூர் இளைஞர்களாக இருந்தால் குரங்குக் கணக்கும் அவர்களாலேயே எடுக்கப்படும்.

கடையின் அக்காவிடம், இவ்வளவு தொல்லை கொடுக்கும் விலங்கை விரட்டிவிடலாம் என்று தோன்றியதில்லையா என்று கேட்டேன். பாட்டில்களுக்குக் கம்பி வலைக் கூடு செய்து வைத்திருப்பதைக் காட்டினார். பிறகு, வைகாசியில் பாலைப்பழம் பழுக்கும்போது காட்டோரம் பொறுக்கி வேதாரண்யம் கடைத்தெருவில் விற்றுத் தம் தாயார் குடும்பத்தைக் காத்ததைச் சொன்னார். உயரக் கிளைப் பழத்தைக் குரங்கு உலுக்கும்; கீழே விழுவதைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். “அதுவும் நாங்களும் ஒரே மரத்துல தின்னவங்க” என்றார்.

மாலைப் பேருந்துக்குக் காத்திருந்தபோது வடகுரங்காடுதுறைப் பக்கத்து அம்மாவின் கொழுந்தனாரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பதினொரு மரங்களின் விதை ஆனியில் விழும் என்றார். இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். உடனே நட வேண்டும். ஊரில் பேசியிருப்பதாகவும், தோப்பு இருந்த படுகையில் கன்று வைக்க நான்கைந்து குடும்பங்கள் சம்மதித்திருப்பதாகவும், அந்தச் சமயம் ஆற்றில் தண்ணீரும் வந்திருக்கும் என்றும் சொன்னார். வரும்போது சாக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார். அவர் வீட்டில் இருப்பதில் உளுந்து கட்டிவிடுவார்களாம்.